கோடு வரைக்கும்

"மாத்திட்டீங்க. வேற யாரோடதையோ எங்க அப்பாவோடதுன்னு பார்த்திருக்கீங்க."

மகன் அறிக்கையை லேப் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, அதன் மேலிருந்து கையை எடுக்காமலே நின்றான். மூன்றாவது முறையாக அதே வரி: சிறுநீரில் கிருமி எதுவும் வளரவில்லை.

அப்பா காய்ச்சலோடு நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தார். மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்தும் எரிச்சல் அடங்கவில்லை. இன்ன கிருமி என்று தெரியாமல் இனிமேல் குருட்டாம்போக்கில் மருந்து எழுத முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்படியே விட்டால் கிட்னிக்கு ஏறிவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

கவுன்ட்டர் பெண் குரலை உயர்த்தவில்லை. டப்பாவில் பேர் ஒட்டுவதே உங்கள் கண் முன்னால்தான், அப்புறம் எங்கே மாறும் என்று கேட்டாள். பெரியவர் உங்களுக்குத் தெரியாமல் மாத்திரை ஏதும் போட்டுக்கொள்கிறாரா என்றும் விசாரித்தாள். மகன் பல்லைக் கடித்தான். அவள் இன்னொரு டப்பாவை எடுத்து நீட்டி, வழக்கம்போல, கோடு வரைக்கும் நிரப்பித் தரச் சொன்னாள்.

அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவும் வேணுமாப்பா?"

"ஆமா. இந்தத் தடவையாவது ஒழுங்கா குடுத்துட்டு வாங்க. நான் இன்னும் எத்தனை நாள் லீவு போடறது?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்பா டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எதையும் வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை, எங்கே வலிக்கிறது என்பதைக்கூட அவரிடமிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வாசலில் நின்ற வாட்ச்மேன் தானாகவே வந்து, பெரியவரின் கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு முறையும் அவன்தான். யாரோ ஒருவனுக்கு இருக்கிற பொறுமை பெற்ற பிள்ளைக்கு இல்லையே என்று மகனுக்கு உறுத்தியது.

வீட்டில் கழிவறைக்குள் போனால் அப்பா லேசில் வெளியே வர மாட்டார். இங்கே, அவன் நாற்காலியில் சாய்வதற்குள் இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். டப்பா நிரம்பியிருந்தது.

மகன் அதை வாங்கிக் கவுன்ட்டரில் வைத்தான். இந்த முறையும் ஒன்றும் இல்லை என்று வந்தால் நடக்கிறதே வேறு என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுத்தான் திரும்பினான்.

வாட்ச்மேன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். அப்பா நாற்காலியிலிருந்தே அவனைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவன் கவனிக்கவில்லை. கவுன்ட்டரில் கிடந்த பழைய அறிக்கையை எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

"சார், இவ்வளவு சண்டை போடறீங்களே... எனக்கு ஏதாவது பெரிய வியாதியா?"