அப்பா பேசிய குரல்

"நேத்து காலைல இருந்து அப்பாவுக்குப் பேச்சே வரலைங்க. முந்தா நாள் வரைக்கும் நல்லாதான் பேசிக்கினு இருந்தாரு."

கலையரசி பதறியபடி சொன்னாள். தமிழ்மணி அவள் அருகில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா ராயப்பனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் மடியில் இருந்த லேப்டாப்பை வாங்கித் திறந்தான்.

அந்த லேப்டாப் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை அந்த வட்டாரத்திலேயே பழுது பார்ப்பவன், திண்டிவனத்தில் கடை வைத்திருந்த அவன் ஒருவன்தான். அதற்காகவே அப்பாவும் மகளும் விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

ராயப்பன் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான்கு வருடங்களுக்கு முன் தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் டைப் செய்ய, லேப்டாப்தான் பேசும்.

"சிப்பு மாறினதால வந்த பேஜாரு இது," என்றான் தமிழ்மணி. "உங்க பேச்சு புரோகிராம் பழைய சிப்புக்கு எழுதினது. இந்த லேப்டாப்ல இருக்கறது புது சிப்பு. இவ்ளோ நாளா நடுவுல இன்னொரு புரோகிராம் உக்காந்து மொழிபெயர்த்துக்கினு இருந்துச்சு. புது அப்டேட்ல அதைத் தூக்கிட்டாங்க."

"பேச்சு புரோகிராமை எழுதினவங்களும் ஆபீசை மூடிட்டாங்களேங்க."

போன் அடித்தது. கலையரசியின் அம்மா அம்சா.

"சரியாச்சாடி? பேசுறானா?"

"பாத்துக்கினு இருக்காங்கம்மா. அப்புறம் கூப்புடுறேன்."

தமிழ்மணி மேஜைமேல் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தான். "இதுல புது புரோகிராம் இருக்கு. குரல் மட்டும் வேற. டைப் பண்ணிப் பாருங்க சார்."

ராயப்பன் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேணாம்ப்பா!" கலையரசி தடுத்தாள். "எங்களுக்கு அந்தக் குரல்தாங்க வேணும். அது எங்க அண்ணன் இனியவனோடது. அப்பாவுக்காகப் பத்து நாள் உக்காந்து படிச்சு, ரெக்கார்டு பண்ணிக் குடுத்தான்."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க. புதுசா ரெக்கார்டு பண்ணிடலாம்."

"கூட்டேரிப்பட்டு பைபாஸ்ல லாரி அடிச்சிடுச்சுங்க. அவன் போயி ரெண்டு வருஷம் ஆவுது." அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். "அப்பா பேசறப்பதான் எங்கம்மா மூஞ்சில கொஞ்சம் உசுரு தெரியுது. அதுவும் போச்சுன்னா..."

தமிழ்மணி லேப்டாப்பை மறுபடி தன் பக்கம் இழுத்துப் பார்த்தான். பிறகு, "பழைய சிஸ்டத்தைத் திருப்பிப் போட்டுப் பாக்கலாம். ரெண்டு மணி நேரம் ஆவும். ஆனா பழையபடி பேசும்," என்றான்.

கலையரசி சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிஜமாவா? ஜல்தியாப் போடுங்க. நான் அப்டேட்டே பண்ணலைங்க. தானா ஆயிடுமா அது?"

"ஆவாது. பாஸ்வேர்டு போட்டு யாரோ ஓகே குடுத்திருக்காங்க."

"அப்பா கை தவறி அழுத்தியிருப்பாரு."

அவன் கேபிளைக் கையில் எடுத்தான். அப்போது ராயப்பன் எழுந்து லேப்டாப்பை மூடினார். மூடியின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"என்னப்பா? அதான் சரியாயிடும்னு சொல்றாங்களே!"

அவர் அவளைப் பார்க்காமல், மற்றொரு கையால் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஓர் எழுத்தை அழித்துவிட்டு மறுபடியும் தட்டினார்.

இதுவரை கேட்டிராத யாரோ ஓர் ஆளின் குரல் கடைக்குள் பேசியது.

"கை தவறலம்மா. அவன் குரல் கேக்குற வரைக்கும் உங்கம்மா அவனுக்கும் சேத்துதான் உலை வைப்பா."