இரண்டு மணி நேர விளக்கு

இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டது. விளக்கு எரியவில்லை.

அவர் கைக்கடிகாரத்தைக் காதோரம் வைத்துப் பார்த்தார். ஓடுகிறது.

கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிய சோப்பு டப்பா. உள்ளே நேரம் எண்ண ஒரு டைமர் ஐசி, ஒரு கண்டென்சர், ஒன்பது வோல்ட் பேட்டரி. மூடியில் துளை போட்டு நீட்டிய எல்இடி, நிறம் மாறும் வகை. சும்மா எரிகிற விளக்கை எவன் பார்க்கிறான்? சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிக்கொண்டே இருந்தால்தான் கண் போகும்.

டப்பாவிலிருந்து ஒயர் அறைக்குள் போகிறது. அங்கே மனைவியின் மெத்தைக்கு அடியில் இரண்டு ஸ்விட்ச். சுவரோரம் ஒன்று, வாசலோரம் ஒன்று.

அவளுக்கு வாதம் வந்து படுத்து ஐந்து மாதம்.

இதுவரை ஒரு விரல்கூட அசையவில்லை.

இடுப்பில் வந்த புண் இப்போதுதான் ஆறுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள், இன்னொரு புண் வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் தோள் இறங்கிப்போன தோள். தூக்க வராது. புரட்டுவது செல்லக்கனியின் வேலை. அதற்கென்று வைத்த ஆள். கேட்டால் ஆச்சியைப் புரட்டிவிட்டேன் என்பாள்.

எல்லாரும்தான் சொல்வார்கள்.

புரட்டினால் ஸ்விட்ச் அமுங்கும். நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். இரண்டு மணி நேரத்துக்குள் புரட்டாவிட்டால் விளக்கு எரியும். இதில் பொய் சொல்ல இடமில்லை.

ஆனால் விளக்கு எரியவில்லை. செல்லக்கனியும் புரட்டவில்லை, அவர் இங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

டப்பாவைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். அறைக்குள் போய் மெத்தைக்கு அடியில் கையை விட்டார்.

அப்புறம்தான் உறைத்தது. மனைவியின் எடையே ஸ்விட்சை அமுக்கிப் பிடித்திருக்கிறது. நேரம் ஓடத் தொடங்கவே இல்லை.

வாசலில் நின்று செல்லக்கனி சிரித்தாள்.

"மனுசிய நம்ப மாட்டிய. நாலு கம்பிய நம்புவிய."

"ரெண்டையுந்தான் நம்பல. போ."

இடையில் சின்னதாக இன்னொரு கண்டென்சரைச் சேர்த்து ஈயத்தை உருக்கி வைத்தார். இனி அமுங்குகிற அந்த ஒரு நொடிதான் செல்லும். அமுங்கியே கிடந்தால் செல்லாது.

மறுநாள்.

பதினொன்றரைக்குச் செல்லக்கனி மனைவியைச் சுவரைப் பார்க்கப் புரட்டிப் படுக்க வைத்தாள். அவர் பார்த்தார். நாற்காலியைக் கூடத்தில் போட்டுக்கொண்டார். எழுந்தார். உட்கார்ந்தார்.

ஒன்றரை.

சிவப்பு. பச்சை. நீலம்.

செல்லக்கனியைக் காணோம்.

கொல்லைக்குப் போனார். துவைகல்லில் போர்வையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வெளக்கு எரியுது. இங்க என்ன செய்த?"

வீடே அதிரக் கத்தினார்.

"இந்தா வாரேன்யா. கையெல்லாம் சோப்பு."

கையைக் கழுவும்வரை நின்று, அவளை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். கூடத்தில் இருவரும் நின்றார்கள்.

விளக்கு அணைந்திருந்தது.

"நான் உங்க கூடத்தான வந்தேன்," என்றாள்.

வேறு யாரும் வீட்டில் இல்லை.

லூஸ் காண்டாக்ட். வேறென்ன. திருப்புளியை எடுத்தார். பேட்டரி முனையை அழுத்திப் பார்த்தார். சரியாக இருந்தது.

செல்லக்கனி முந்தானையில் கையைத் துடைத்தபடி அறைக்குள் போனாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஐயா."

அவர் திரும்பவில்லை.

"ஆச்சி இப்ப வாசலப் பாத்துக் கெடக்காவ."

ஒயரைப் பிடித்து இழுத்தார். அடுத்ததை இழுத்தார். ஈயம் வைத்த ஒவ்வொரு இடத்தையும் நகத்தால் நெம்பினார்.

ஒன்றுகூடக் கழன்று வரவில்லை.