பின்வளவு ஸ்டூடியோ

"உம்மா! வாப்பா பைப்ப உடைச்சிட்டாங்க!"

மகள் ரிஃப்கா கத்தியபோது மஹ்ரூப் அலவாங்கும் கையுமாக, தொப்பியிலிருந்து சாரன் வரை நனைந்து நின்றார். அத்திவாரக் குழி வெட்ட ஆள் எதற்கு என்று காலையில் வீரம் பேசியவர். மூன்றாவது குத்திலேயே தண்ணீர்க் குழாய் பிளந்து, தென்னங்கன்று உயரத்துக்குப் பீய்ச்சியது. ரிஃப்கா ஓடிப்போய் வால்வை மூடினாள்.

"கிணறா வெட்டுறீங்க மஹ்ரூப் நானா? என்னைய பலகை வேலைக்கெண்டுதானே வரச் சொன்னீங்க?" என்றார் தச்சர் தோமஸ்.

"என்னைய கல்லு வேலைக்கு," என்றார் மேசன் ஜப்பார்.

இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னதும் மஹ்ரூப்தான்.

ரிஃப்கா வரையும் கடல் படங்களை ஆலங்குடா ஹோட்டல்காரர்கள் வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். வீட்டை அவள் பேருக்கு எழுதியாயிற்று. வழக்கப்படி மாப்பிள்ளை அஸ்மின் இங்கேதான் வந்து இருப்பான். புது மாப்பிள்ளை உட்காரும் ஹோலில் சாய வாளி கிடக்கலாமா? அதனால் பின்வளவில் மகளுக்கு ஒரு ஸ்டூடியோ. எல்லாரிடமும் மஹ்ரூப் சொன்ன கதை இதுதான். பலகையா, கல்லா என்பதில்தான் மூன்று கிழமையாக இழுபறி.

"பலகையெண்டா பத்து நாளுல முடிச்சித் தருவேன்," என்றார் தோமஸ்.

"கறையானுக்கு விருந்து வைக்கவா? கல்லுல கட்டுங்க நானா."

"இந்த உப்புக் காத்து உங்கட கல்ல மட்டும் விட்டுவைக்குமா ஜப்பார்?"

தோமஸ் பேசும்போது மஹ்ரூப் தோமஸுக்குத் தலையாட்டினார். ஜப்பார் பேசும்போது ஜப்பாருக்கு. உப்பளக் கந்தோரில் இரண்டு மேலதிகாரிகளுக்கு நடுவே முப்பது வருஷம் ஆடிப் பழகிய தலை.

"பலகை அறைக்குள்ள படுத்தா மழைச் சத்தம் கேக்குமா தோமஸ்?"

"நானா, படம் வரையிற இடத்துல யாரு படுக்கப்போற?"

"களைச்சா... புள்ள கொஞ்சம் சரியாதா?"

மனைவி றுக்கியா முழங்காலைப் பிடித்தபடி குசினி வாசலுக்கு வந்தாள். "எதுல கட்டினாலும் வாசப்படிய ஒசத்திப் போடாதீங்க."

"ஓம் ஓம், புள்ள சாய வாளியத் தூக்கிட்டு ஏறணுமே," என்று மஹ்ரூப் அவசரமாக முந்திக்கொண்டார்.

ரிஃப்கா ஈர முக்காட்டைப் பிழிந்தபடி வந்து, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் கீறியிருந்த திட்டத்தைக் கையில் எடுத்தாள்.

"வாப்பா, ஸ்டூடியோக்குள்ள கொமட் எதுக்கு?"

"ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு ஓடி வர ஏலுமா?"

"பக்கத்துல கைபிடி?"

மஹ்ரூப் ஜப்பாரைப் பார்த்தார். ஜப்பார் தென்னையைப் பார்த்தார்.

"அது... நெடுக நின்டு வரைஞ்சா முழங்கால் நோகும்தானே."

"எனக்கு இருபத்தாறு வயசு வாப்பா."

"கதைய மாத்தாத மகள். நானும் மூணு கிழமையா கேக்குறேன், நீ 'உங்கட விருப்பம், உங்கட விருப்பம்' எண்டே சொல்றாய். இன்டைக்கு நேரா ஒரு பதில் சொல்லு. பலகையா, கல்லா?"

ரிஃப்கா தாளை ஜப்பாரிடம் நீட்டினாள். "மாமா, இந்தக் கொமட்டையும் கைபிடியையும் பெரிய வீட்டுக்குள்ள பொருத்துங்க."

பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"ஸ்டூடியோ பலகையில. வீட்ட எனக்குத் தந்துட்டு நீங்களும் உம்மாவும் இதுக்குள்ள வந்து ஒடுங்கப் பாக்குறீங்கண்டு எனக்குத் தெரியாதா? இதுல இருக்கப்போறது நானும் அஸ்மினும் என்ட சாய வாளியும்தான், அவரோட கதைச்சி முடிச்சிட்டேன். கறையான் வந்தா எழும்பி ஓட எங்களுக்கு முழங்கால் இரிக்குது வாப்பா."