சுவருக்கு வெளியே

பச்சைக் கோடு எங்கும் அறுபடவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் வைத்த கண்ணை அவன் எடுக்கவே இல்லை. ஸ்லைடில் இருந்தது அக்கா மகனின் விரையிலிருந்து எடுத்த கடுகளவு சதை. சாயம் ஏற்றியதும் அவன்தான். இந்த லேபில் பதினாறு வருடமாக அதுதான் வேலை.

சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பச்சை வெறும் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். பருவம் வரும்போதுதான் செல்லும் செல்லும் கைகோத்து, புள்ளிகள் கோடாகி, விரைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் ஒரு சுவர் எழும்பும். இரத்தத்தில் வருகிற கண்ட கண்ட பொருளும் விந்து உண்டாகும் இடத்துக்குள் நுழையாமல் காக்கிற சுவர்.

பதிமூன்று வயதுப் பயலுக்குச் சுவர் எழும்பிவிட்டது. இரத்தப் புற்றுக்காக இரண்டு வருடம் உடம்பு முழுக்க மருந்து ஏற்றியும் உள்ளே கொத்தனார் வேலை நிற்கவில்லை. மாமனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையோடு எழுந்து போயிருக்கலாம்.

ஸ்லைடை ஒரு மயிரிழை நகர்த்தினான்.

சுவருக்கு வெளியே, குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே, ஒரே கூட்டம். உருண்டை உருண்டையாக நீலச் செல்கள், இடுக்கு விடாமல் நெருக்கியடித்து நின்றன. ஒழிந்துவிட்டது என்று போன வருடம் டாக்டர் கைகுலுக்கி அனுப்பிவைத்த அதே நோய். சுவரைத் தாண்ட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

லேப் டாக்டர் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். நேற்று வந்த எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டும் சரியில்லை என்றார். வீக்கம் தொடங்கியபோதே வந்திருந்தால் ஒரு வழி இருந்திருக்கும், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகை வரவில்லை, மகன்மேல் கோபம்தான் வந்தது.

"இவ்வளவு வீங்கிக் கெடக்கு. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா அவன்? அப்படி என்ன வெக்கம்?"

தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பயல் சொல்லியிருந்தான். நாலு மாதத்துக்கு முன், மொட்டை மாடியில், அம்மா காதில் விழாதபடி. ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருக்கிறது, வலி இல்லை என்றான். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற மாமாவுக்குத் தெரியாததா என்று நம்பித்தான் கேட்டான்.

மாமா சிரித்தான். பெரிய மனுஷன் ஆகிறாய், அடுத்தது மீசைதான் என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

பயலுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.