கிழியாத போஸ்டர்

"ஊர்ல செவுரு, போர்டையெல்லாம் யாரு சேதப்படுத்துறாக, ஏன் செய்யிறாகன்னு ஆராய்ச்சி பண்றேண்ணே. காலேஜ்ல இருந்து வாரேன்" என்றாள் ஜாஸ்பின்.

ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த சங்கிலிமுத்து, சாலையைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

"பட்டாசு கம்பெனி விபத்துல செத்துப்போன எழிலோட கண்ணீர் அஞ்சலி போஸ்டரை மட்டும் தேடித் தேடிக் கிழிச்சிருக்காக. பக்கத்துல சினிமா போஸ்டர் முழுசா இருக்கு. பத்தொன்பது வயசுப் பொண்ணு மேல யாருக்கு என்ன விரோதம்?"

"விரோதமெல்லாம் இல்லம்மா."

"பின்ன? ஒன்னே ஒன்னுதான் தப்பிச்சிருக்கு. ரேஷன் கடைச் செவுத்துல. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

சங்கிலிமுத்து பதறி எழுந்தார். "ரேஷன் கடையிலயா? அங்கன நான் பாக்கலையே!"

அவருடைய நகக்கண்ணெல்லாம் காய்ந்த பசையும் காகிதத் துணுக்குமாக இருப்பதை ஜாஸ்பின் அப்போதுதான் கவனித்தாள்.

"நீங்களா கிழிச்சீக?"

"ஒட்டுனதும் நான்தாம்மா. எழில் எம் மக."

ஜாஸ்பின் கையிலிருந்த ஆராய்ச்சிப் படிவங்களைப் பெஞ்சில் வைத்தாள்.

"அவகூட வேலை பாத்த எம் பொஞ்சாதியும் அந்தத் தீயில வெந்து, நாப்பது நாளா மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தா. பக்கத்து வார்டுல மகளும் இருக்கான்னு சொல்லிச் சொல்லித்தான் அவளைப் பொழைக்க வச்சோம். இப்ப மச்சான் கார்ல கூட்டிட்டு வாரான். வீட்டுல உக்கார வச்சு நானே சொல்லிக்கிடுதேன். செவுத்தைப் பாத்து அவ தெரிஞ்சுக்கக் கூடாதும்மா."

தூரத்தில் ஒரு கார் ஊருக்குள் திரும்பியது.

படிவங்களைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, ரேஷன் கடையை நோக்கி ஓடினாள் ஜாஸ்பின்.