காய்ச்சல் இல்லாதவர்களுக்கு இடமில்லை

சம்பத்தின் ஆட்டோ இன்னும் டீக்கடை வாசலிலேயே நிற்பதைப் பார்த்ததும் சுகாதார ஆய்வாளர் வாசுதேவனுக்கு மூக்கில் வேர்த்தது.

அது இந்நேரம் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

காலையில் அதில் ஜெனிட்டா என்ற நிறைமாதக்காரி வலியோடு வந்திருந்தாள். கூட அவள் அம்மா சந்திரம்மா. இருவரையும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் திருப்பியவர் வாசுதேவன்தான்.

சும்மா திருப்பவில்லை. முறைப்படி திருப்பினார். வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். வந்த வலியில் அவள் அதைக் கடித்துத் துப்பாதது அவர் செய்த புண்ணியம்.

காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லாதவர்களுக்கு இப்போது இங்கே இடமில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அது இரண்டாயிரத்து ஒன்பது, பன்றிக் காய்ச்சல் வருஷம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரே டாக்டரம்மாவை, மீனம்பாக்கத்தில் விமானம் விட்டு இறங்குகிறவர்களைச் சோதிக்க அனுப்பிவிட்டார்கள். தடுப்பூசி நின்றது. சர்க்கரை மாத்திரை நின்றது. பிரசவ அறை, பன்றிக் காய்ச்சல் சிறப்பு வார்டு என்று பதவி உயர்வு பெற்றது.

அந்தக் காய்ச்சல் மட்டும் இன்னும் ஊருக்குள் வரவில்லை.

வார்டுக்கு இன்று பத்து மணிக்குத் திறப்பு விழா. துணை இயக்குநர் வருகிறார். வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். அவர் வெட்டும்வரை ஓர் ஈகூட அதைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவரும் வாசுதேவன்தான்.

அவர் டீக்கடைக்குப் போய், ஏன் கிளம்பவில்லை என்று அதட்டினார்.

"பெட்ரோலு இல்ல சார். அதான் நாஸ்தா துன்னுகினு கீறேன்" என்றான் சம்பத்.

அந்தப் பெண் எங்கே என்றதற்கு, வலி நின்றுவிட்டதாம், நடந்தே வூட்டுக்குப் போய்விட்டாளாம். சொல்லிவிட்டு இட்லியைப் பார்த்துச் சிரித்தான்.

வாசுதேவனுக்கு விளங்கிவிட்டது. வார்டுக்குள் ஒரு பெட்டி நிறைய புது மாஸ்க். நாவலூர், சிறுசேரி பக்கம் கம்பெனிக்காரர்கள் ஒரு மாஸ்க்குக்கு என்ன விலை கேட்டாலும் கொடுக்கிறார்களாம். இங்கே வாசலில் ஓர் ஆட்டோ சும்மா நிற்கிறது. நர்ஸ் தனகோடியையோ அரைமணி நேரமாகக் காணோம்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்தில் விறகடுப்பில் வெந்நீர் கொதித்தது. தட்டினார்.

தரைக்கு பெனாயில் போடுவதாகவும், கால் வைத்தால் வழுக்கும் என்றும் உள்ளிருந்து தனகோடியின் குரல் சொன்னது.

கதவில் காதை வைத்தார். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முக்குவது கேட்டது. இன்னொரு குரல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது.

பெட்டி நல்ல கனம்தான் போலிருக்கிறது.

கதவை உடைத்திருக்கலாம். ஆனால் தனியாகப் பிடித்தால் யாருக்குத் தெரியும்? துணை இயக்குநர் முன்னிலையில் கையும் களவுமாகப் பிடித்தால் அது வேறு. வாசுதேவன் மீசையைத் தடவிக்கொண்டு ரிப்பன் பக்கம் திரும்பி வந்தார்.

ஜீப் பதினொன்றரைக்கு வந்தது. துணை இயக்குநர் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டிருந்தார். பன்னீர் தெளித்தார்கள், மாஸ்க்தான் நனைந்தது. ரிப்பனை வெட்டினார். கை தட்டினார்கள்.

'இப்போது பாருங்கள்' என்ற முகத்தோடு வாசுதேவன் கதவைத் தள்ளினார்.

கட்டிலில் ஜெனிட்டா. தலைமாட்டில் அவள் முகத்தைத் துடைத்தபடி சந்திரம்மா. மாஸ்க்கும் கையுறையுமாக நின்ற தனகோடியின் கையில் ஒரு பழைய புடவைத்துணிச் சுருள்.

சுருள் வீறிட்டு அழுதது.

என்ன இது என்று துணை இயக்குநர் கேட்டார். தனகோடிதான் பேசினாள்.

"காய்ச்சல் கேஸ் சார். மொத அட்மிசன். கிட்ட வந்து பாருங்க."

பன்னீர்ச் செம்பு வைத்திருந்தவர்தான் முதலில் ஓடினார். அடுத்த நொடி எல்லோரும் ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். துணை இயக்குநர் ஜீப்பின் பானெட்டுக்குமேல் தலையை மட்டும் நீட்டி, காய்ச்சல் என்று உறுதி செய்தது யார் என்று கேட்டார்.

"சார்தான் காலைல வாயில தெர்மாமீட்டரு வச்சுப் பாத்தாரு" என்றாள் தனகோடி. அதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை.

வாசுதேவன் கட்டிலைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு நிமிஷத்தில் தாயையும் பிள்ளையையும் வெளியே தூக்கிப் போட்டுவிடுவார்கள். கூடவே, பிரசவ வலியில் வந்தவளை ஏன் துரத்தினாய் என்றும் கேட்பார்கள். சந்திரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காவிட்டாலும் அவள் சொல்லுவாள்.

"நூத்திரெண்டு சார்" என்றார்.

துணை இயக்குநர் தலையாட்டினார். தாயும் பிள்ளையும் எத்தனை நாளானாலும் இங்கேயே இருக்கட்டும், நர்ஸைத் தவிர வேறு எந்த அதிகாரியும் அறைக்குள் போகவேண்டாம் என்றார். பிறகு வாசுதேவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பார்க்கும்போது மாஸ்க் போட்டிருந்தீங்களா?"

மாஸ்க் எல்லாம் ரிப்பனுக்கு உள்ளே இருந்தது.

ஒரு வாரத்துக்கு அவர் வீட்டைவிட்டு நகரக்கூடாது, இந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று அங்கேயே உத்தரவானது. ஜீப் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. வாசுதேவன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

நாய்க்கடி ஊசிக்கு நொண்டியபடி வந்த ஒருவர், நடந்ததையெல்லாம் சாலையோரம் நின்று பார்த்திருந்தார். வாசுதேவன் மேல் பட்டுவிடாமல் வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரைச் சுற்றி உள்ளே போனார்.