பேராசிரியருக்குப் பதிலாக

பேராசிரியர் ஏறிய ரயில் இரண்டு நிலையம் தள்ளி நின்றுவிட்டது. எப்போது கிளம்பும் என்று ரயிலுக்கே தெரியாது.

அரங்கத்தில் இருநூற்றுப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். வழக்கமாக நாற்பது பேர் வந்தாலே பெரிய காரியம். அதிலும் நாலு பேர் ஏசி காற்றுக்காக வந்து தூங்குகிறவர்கள்.

போன ஆண்டு உரையிலிருந்து ஒரு துண்டை எவரோ கைப்பேசியில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். அதன் புண்ணியம்தான் இந்தக் கூட்டம்.

துறையின் தட்டச்சுக்காரி மேடை ஓரத்தில் நின்றாள். கையில் உரையின் பன்னிரண்டு பக்கங்கள். பேராசிரியர் கையால் எழுதிக் கொடுப்பார், அவள் தட்டச்சு செய்வாள். மேடை ஏறும்போது அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போய் அப்படியே வாசிப்பார். பதினைந்து ஆண்டுகளாக அதுதான் நடைமுறை.

நிர்வாக அதிகாரி நிமிடத்துக்கு ஒரு தரம் மணி பார்த்தார். துறையில் அவருக்குக் 'கடிகாரம்' என்றுதான் பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிய இந்தப் பொது உரைகளை யார் கேட்கிறார்கள், இழுத்து மூடலாம் என்று கோப்பு எழுதி வைத்திருப்பவர். இன்றைக்கு வந்த கூட்டமும் கலைந்து போனால் நாளைக்கே அதில் கையெழுத்து விழும்.

இந்த உரைத் தொடர் நின்றுபோனால், தட்டச்சுக்காரி தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து மதிப்பெண் பட்டியல் அடிக்க வேண்டியதுதான்.

பின்வரிசையில் இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

அவ்வளவுதான். அவள் மேடை ஏறிவிட்டாள்.

பேராசிரியர் வரும்வரை உரையை நான் வாசிக்கிறேன் என்று மைக்கில் சொன்னாள். குரல் கீச்சென்று வந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு? முதல் பக்கத்தை எடுத்தாள்.

முதல் பக்கம் முழுக்கத் தடுமாற்றம். இரண்டாவதில் மூச்சு சீரானது. ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாம்பலான நாடுகள், நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைத்துக்கொள்ள உட்கார்ந்த கதை நாலாம் பக்கத்தில். அது வந்தபோது பையோடு எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஏழாம் பக்கத்தில் பொது நாணயம். எட்டாம் பக்கத்தில் அதன் தலைவலி.

அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. விரலால் அடித்த வரிதான் எல்லாம். வாயால் சொல்லும்போது அதற்கு இத்தனை ருசியா? வெட்கங்கெட்ட சந்தோஷம் அவளுக்கு. ரயில் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும் என்றுகூட நினைத்துவிட்டாள்.

ஒன்பதாம் பக்கம் வந்தது. ஆண்டுதோறும் அந்தப் பக்கத்தில்தான் ஏதாவது ஒரு வீட்டு உதாரணம் வரும். 'பேராசிரியரின் குறும்பு' என்று பெயர் வாங்கிய பக்கம். கைப்பேசியில் ஊர் சுற்றியதும் அதுதான்.

இந்த ஆண்டு நான்கு ஓரகத்திகள். ஒரே அடுப்பு, ஆளுக்கொரு கைப்பை. எல்லா வீட்டுக்காரர்களுக்கும் வேலை இருக்கும்வரை நகமும் சதையுமாக இருக்கிறார்கள். ஒருத்தி புருஷனுக்கு வேலை போன மாதம்தான், எரிவாயு தீர்ந்தால் யார் வாங்குவது என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை என்பது தெரியவருகிறது. மூத்தவள் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். உங்கள் வீட்டுக்காரர் கடைப் பாத்திரத்தையெல்லாம் இத்தனை நாள் வாங்கித் தீர்த்தது நாங்கள்தானே அக்கா என்கிறாள் இளையவள். நாணயம் பொது, கஜானா தனி என்றால் இதுதான் கதி.

அரங்கம் குலுங்கியது. ஓர் அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். ஓரகத்தியாகத்தான் இருக்க வேண்டும். கடிகாரம் மணி பார்ப்பதையே மறந்து, கோப்பைத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் பக்கம் முடிந்தபோது கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. கேள்வி நேரம். பத்துப் பன்னிரண்டு கைகள் எழுந்தன. கடிகாரமே மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கடைசி வரிசையில் உயர்ந்திருந்த கையை அவளுக்குத் தெரியும். பேனா மை படிந்த விரல்கள்.

பேராசிரியர். எப்போது வந்தார்? வந்தவர் மேடைக்கு வராமல் அங்கே ஏன் உட்கார்ந்தார்?

"அந்த ஒன்பதாம் பக்கம் நான் எழுதினது இல்ல. யார் எழுதினதுன்னு சொல்லுங்கம்மா, எல்லாரும் கேக்கட்டும்."

சிரிப்பு அணைந்தது. இருநூறு தலைகள் அவரைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பின.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள், வறட்டு வறட்டென்று இருந்த ஒன்பதாம் பக்கத்தைப் பொறுக்கமாட்டாமல், அடியில் தானாக ஆறு வரி சேர்த்து அடித்துவிட்டாள். மேடையில் அந்த இடத்தில் அவர் ஒரு கணம் தடுக்கி நின்றார், பிறகு வாசித்தார். கூட்டம் சிரித்தது. அன்றைக்கே அவள் ராஜினாமாக் கடிதத்தை அடித்து மேசைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு கழித்து, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்கிறார்.

ஆனது ஆகட்டும். மைக்கை நெருங்கினாள்.

"நான்தான் சார் எழுதினேன்."

பேராசிரியர் எழுந்து நின்றார். முதல் ஆளாக அவர்தான் கைதட்டினார்.

அவருக்கா தெரியாது? அந்த ஆறு வரிக்கு அடுத்த ஆண்டிலிருந்து, அவர் எழுதிக் கொடுக்கும் தாள்களில் எட்டுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு தாள் வரும். மேலே ஒன்பது என்று அவர் கையாலேயே எண் போட்டிருக்கும்.

கீழே ஒன்றும் எழுதியிருக்காது.